புது டி.வி., பழைய ஆம்ப், அப்பாவோட காது

(ஒலிபரப்பான எபிசோடோட எடிட் செஞ்ச எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு ஒயரைப் பத்தி. புதுசா வாங்கின டி.வி.யை, வீட்ல கிடக்கற பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரோட எப்படிச் சேர்க்கறது? கேட்டா பத்து நிமிஷ வேலை மாதிரி இருக்கும். எனக்கு மூணு வாரம் ஆச்சு. நான் படிச்சது ஈ.சி.இ., பார்க்கறது சாஃப்ட்வேர் வேலை. அதனால இதைச் சொல்ல கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அந்த மூணு வாரத்துல ஒயரைத் தவிர வேற ஒண்ணும் தெரிய வந்துச்சு. அதனாலதான் இந்த எபிசோட்.

எங்க வீடு செம்பரம்பாக்கத்துல. பூந்தமல்லி தாண்டி, பெங்களூரு ஹைவேல ஸ்ரீபெரும்புதூர் போற வழி. ஏரின்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், 2015 வெள்ளத்தப்போ நியூஸ்ல பேர் அடிபட்டுக்கிட்டே இருந்துச்சு. ஆனா எங்களுக்கு ஊர்னா கம்பெனி பஸ்தான். விடியறதுக்கு முன்னாடியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு ஷிஃப்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போகும். எங்க அப்பா இருபது வருஷத்துக்கு மேல அப்படி ஒரு பஸ்ல போய் வந்தவர். கார் பார்ட்ஸ் செய்யற கம்பெனி, பேர் வேண்டாம். பிரெஸ் ஷாப்ல ஆபரேட்டர். தகடு உள்ள போகும், பிரெஸ் இறங்கும், டொம்முனு ஒரு சத்தம். நாள் முழுக்க அதே.

போன வருஷம் 43 இன்ச் டி.வி. வாங்கினோம். படம் அருமை. சத்தம்தான் பிரச்சினை. அப்பா ரிமோட்டை எடுத்தா வால்யூம் 48, 50-னு போகும். அம்மா சமையல்கட்டுல இருந்து, "தெருவுக்கே கேக்குதுங்க, கொஞ்சம் குறைங்க"ம்பாங்க. அப்பா, "சத்தம் கேக்குதும்மா, என்ன பேசறான்னுதான் புரியல"ம்பாரு. இது தினம் நடக்கும். அப்புறம் ஒரு கட்டத்துல நின்னு போச்சு. ஏன்னு பார்த்தா, நாங்க படம் போட்டா அவர் எழுந்து ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போயிடறாரு. கேட்டா, "இப்ப வர்ற படம்லாம் சரியில்லப்பா"ன்னு சொல்வாரு. நானும் நம்பினேன்.

பரண்ல இருந்த பொட்டி

முதல்ல ஒரு சவுண்ட்பார் வாங்கலாம்னுதான் பார்த்தேன். ஈ.எம்.ஐ. வரைக்கும் கணக்குப் போட்டாச்சு. அப்பதான் அப்பா, "எதுக்குடா காசைப் போடற? பரண்ல நம்ம ஆம்ப் இருக்குல்ல?"ன்னாரு.

அது 1994-ல ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின அசெம்பிள்டு செட். கல்யாணத்துக்கு முன்னாடி, அவரோட சம்பளத்துல வாங்கினது. கம்பெனிப் பேர் கிடையாது. கறுப்பு இரும்புப் பொட்டி, முன்னாடி வால்யூம், பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ்னு நாலு நாப். கூட எட்டு இன்ச் ஸ்பீக்கர் வச்ச ரெண்டு மரப்பொட்டி. பழைய இரும்புக்காரருக்குப் போடலாம்னு அம்மா ரெண்டு தடவை எடுத்து வச்சு, அப்பா ரெண்டு தடவையும் திரும்ப மேல ஏத்தின பொட்டி அது.

திறந்து பார்த்தா உள்ள 4440 ஐ.சி. தொண்ணூறுகள்ல நம்ம ஊர் ஆட்டோ, டீக்கடை, கல்யாண வீடுன்னு எல்லா இடத்துலயும் பாடின சிப். ஜப்பான் சான்யோ கம்பெனியோட டிசைன். ஒரே சிப்புல ரெண்டு சேனல், சேனலுக்கு 6 வாட். டி.வி. அட்டைப் பெட்டில 20 வாட்னு போட்டிருந்துச்சு. 6 வாட்டை வச்சு என்ன பண்றதுன்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா வாட் மட்டும் கணக்கு இல்ல மக்களே. டி.வி. இப்ப ரெண்டு விரல் தடிமன்ல வருது. அதுல பெரிய ஸ்பீக்கர் வைக்க இடம் ஏது? சின்னதா ரெண்டு வச்சு, அதையும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்த மாதிரி வைக்கறாங்க. சத்தம் சுவர்ல பட்டுத் திரும்பித்தான் உங்ககிட்ட வருது. மரப்பொட்டில இருக்கற எட்டு இன்ச் உங்க மூஞ்சியைப் பார்த்தே பேசுது. ஹாலுக்கு 6 வாட்டே தாராளம்.

முப்பது வருஷம் சும்மா கிடந்த ஆம்ப்பை நேரா பிளக்ல சொருகாதீங்க. நான் சொருகப் போனேன். அப்பாதான் கையைப் பிடிச்சாரு. "சீரீஸ் பல்பு போட்டுப் பாரு"ன்னாரு. ஒரு 60 வாட் குண்டு பல்பை ஆம்ப்போட சீரீஸ்ல கோர்த்து கரன்ட் குடுக்கணும். உள்ள எங்கயாவது ஷார்ட் இருந்தா பல்பு முழு வெளிச்சத்துல எரியும், செட் தப்பிக்கும். லேசா எரிஞ்சு மங்கிடுச்சுன்னா நல்லது. எங்களது மங்கிடுச்சு. பவர் சப்ளைல இருந்த ஃபில்டர் கெப்பாசிட்டர் மட்டும் தலை உப்பியிருந்துச்சு, பூந்தமல்லில ஒரு கடைல மாத்தினோம். உங்களுக்கு இந்த வேலை பழக்கம் இல்லைன்னா மூடியைக் கழட்டாம மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க. உள்ள 230 வோல்ட் வருது. சுவிட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்.

டி.வி.க்குப் பின்னாடி

இப்ப ஒயர். ஆம்ப்புக்குப் பின்னாடி சிவப்பு, வெள்ளைன்னு ஜோடி ஜோடியா ஓட்டை இருக்கும். அதுக்குப் பேர் ஆர்.சி.ஏ. 1930கள்ல அமெரிக்காவுல ஆர்.சி.ஏ. கம்பெனி ரேடியோகிராமுக்காகக் கொண்டு வந்த பிளக், இன்னும் ஓடுது. டி.வி.க்குப் பின்னாடியும் சிவப்பு, வெள்ளை இருந்துச்சு. ரெண்டையும் சேர்த்துட்டேன். சத்தமே இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஓட்டைக்கு மேல 'ஏ.வி. இன்'னு எழுதியிருக்கு. அது டி.வி.க்கு உள்ள வர்ற வழி. வெளிய போற வழி இல்ல. முதல் பாடம்: கலரைப் பார்க்காதீங்க, இன்னா அவுட்டான்னு பாருங்க.

ஆம்ப் பக்கமும் ஒரு எச்சரிக்கை. ஆக்ஸ், டேப், டியூனர்னு எழுதியிருந்தா எதுல வேணா சொருகலாம். ஃபோனோன்னு எழுதினதுல மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டு பிளேயருக்கானது. அந்த ஊசில இருந்து வர்ற சிக்னல் சில மில்லிவோல்ட்தான், அதைப் பல மடங்கு பெருக்க உள்ள தனியா ஒரு சர்க்யூட் இருக்கும். டி.வி. சிக்னலை அதுல குடுத்தா கரகரன்னு கிழியும்.

டி.வி.ல இருந்து சத்தம் வெளிய வர பொதுவா மூணு வழி. ஹெட்போன் ஜாக், ஆப்டிகல், ஹெச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.

ஹெட்போன் ஜாக் இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. 3.5 எம்.எம். பின்ல இருந்து ரெண்டு ஆர்.சி.ஏ.வா பிரியற ஒயர் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடைலயும் கிடைக்கும். சொருகினா வேலை முடிஞ்சது. பெரும்பாலான டி.வி.ல ரிமோட் வால்யூமும் அப்படியே வேலை செய்யும். ஆம்ப் நாப்பை ஒரு அளவுல நிறுத்திட்டு ரிமோட்லயே கூட்டிக் குறைச்சுக்கலாம்.

எங்க டி.வி.ல ஜாக் இருந்துச்சு. சொருகினேன், பாட்டு வந்துச்சு. பாட்டுக்குப் பின்னாடி ங்ங்ங்னு ஒரு ரீங்காரமும் வந்துச்சு. ஆம்ப் போச்சுன்னே நினைச்சேன். அப்புறம் ஆபீஸ்ல பக் தேடற மாதிரி ஒவ்வொரு ஒயரா உருவினேன். செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிள் ஒயரைக் கழட்டினதும் ரீங்காரம் டக்குனு நின்னுச்சு. விஷயம் என்னன்னா, ஆம்ப் மூணு பின் பிளக், வீட்டு எர்த்ல இருக்கு. கேபிள் ஒயரோட மேல்கம்பி தெருவுல வேற எங்கயோ எர்த் ஆகியிருக்கு. ரெண்டு எர்த்துக்கும் நடுவுல இருக்கற சின்ன வித்தியாசத்துல, நம்ம ஆடியோ ஒயர் வழியா 50 ஹெர்ட்ஸ் கரன்ட் சுத்தி வருது. கிரவுண்ட் லூப்னு சொல்வாங்க.

தெரிஞ்சவர் ஒருத்தர், "ஆம்ப்போட எர்த் பின்னை ஒடைச்சு விடு, நின்னுடும்"னாரு. நிக்கும்தான். ஆனா அது இரும்புப் பொட்டி மக்களே. உள்ள ஒரு ஒயர் பாடில பட்டா, நாப்பைத் தொடற கைக்கு ஷாக். அந்த வேலை மட்டும் பண்ணாதீங்க. கேபிள் ஒயருக்கு ஐசொலேட்டர் கிடைக்கும். இல்லைன்னா ரெண்டாவது வழிக்குப் போங்க. நான் போனேன்.

வெளிச்சத்துல போற சத்தம்

ரெண்டாவது வழி ஆப்டிகல். 1983-ல தோஷிபா கொண்டு வந்தது. உள்ள செம்பு கிடையாது, சத்தம் சிவப்பு வெளிச்சமா மின்னி மின்னிப் போகும். கரன்ட் போக வழியே இல்லாததால ரீங்காரமும் அந்தப் பக்கம் போகாது. ஆனா வர்றது டிஜிட்டல். நம்ம ஆம்ப்புக்கு அனலாக் மட்டும்தான் தெரியும். நடுவுல மொழிபெயர்க்க ஒரு ஆள் வேணும். அதுதான் டி.ஏ.சி., தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பா. ஒயரோட சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சது.

மாட்டினேன். யூடியூப் பாட்டு சுத்தமா கேட்டுச்சு. அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வச்சு, ஓ.டி.டி.ல ஒரு படம் போட்டேன். மௌனம். திரும்ப யூடியூப், சத்தம் வருது. திரும்பப் படம், மௌனம். அப்பா பத்து நிமிஷம் பார்த்தாரு. "நீ பாருப்பா"ன்னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அன்னைக்கு எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

ராத்திரிதான் புரிஞ்சது. ஒயர் ஒண்ணுதான், அதுல போற ஃபார்மேட் ரெண்டு. யூடியூப் பாட்டு சாதாரண ஸ்டீரியோ, பி.சி.எம்.னு சொல்வாங்க. படம் 5.1, அதை டால்பி டிஜிட்டல்ல மடிச்சுக் கட்டி டி.வி. அனுப்புது. விலை குறைஞ்ச டி.ஏ.சி.க்கு அந்த மூட்டையைப் பிரிக்கத் தெரியாது, அதனால வாயைத் திறக்கல. சில டப்பால மௌனத்துக்குப் பதிலா புஸ்ஸுனு இரைச்சல் வரும். தீர்வு டி.வி. செட்டிங்ஸ்ல இருக்கு. சவுண்ட், அதுல டிஜிட்டல் அவுட்புட், அதுல 'ஆட்டோ'வை 'பி.சி.எம்.'னு மாத்தணும். அவ்வளவுதான். மூட்டையை டி.வி.யே பிரிச்சு, ஆறு சேனலை ரெண்டாக்கி அனுப்பும். இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கங்க.

மூணாவது வழி ஹெச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. 2009-ல ஹெச்.டி.எம்.ஐ. 1.4-ல வந்தது. டி.வி.ல ஏ.ஆர்.சி.னு எழுதின ஓட்டைல மட்டும்தான் வேலை செய்யும், அதுக்கும் தனி டி.ஏ.சி. வேணும். ஆப்டிகல் இல்லாத டி.வி.க்கு இதுதான் கதி. ப்ளூடூத் ரிசீவரும் மாட்டலாம், பாட்டுக்குப் பரவாயில்ல. படத்துக்கு வச்சா பல செட்ல வாய் முதல்ல அசையும், பேச்சு அப்புறம் வரும்.

ஆப்டிகல்ல ஒரு குறை இருக்கு. பல டி.வி.ல ரிமோட் வால்யூம் வேலை செய்யாது, ஆம்ப் நாப்பைத்தான் திருப்பணும். நான் ஆப்டிகல் ஒயரை அஞ்சு மீட்டர்ல வாங்கி, ஆம்ப்பை அப்பாவோட சாய்வு நாற்காலி பக்கத்துல ஒரு ஸ்டூல்ல வச்சேன். "ரிமோட் எதுக்கு, கைக்கு எட்டுதே"ன்னாரு.

கடை, தடை, படை

மறுநாள் சாயந்திரம் திரும்பப் படம் போட்டோம். ஆம்ப்ல பேஸ் நாப் முழுசா வலது பக்கம் இருந்துச்சு. 1994-ல அப்படித்தான் கேப்பாங்க, 'ரோஜா' கேசட்டுக்கு அது சரி. அப்பா முகத்துல மாற்றமே இல்ல. "அதிருதுப்பா. பேச்சு புரியல"ன்னாரு.

சும்மா ஒரு யோசனைல பேஸை நடுவுக்கும் கீழ இறக்கி, ட்ரெபிளைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். எனக்குக் காது கூசற அளவுக்கு வந்தப்போ அப்பா கையைத் தூக்கினாரு. "நிறுத்து. இப்ப புரியுது."

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா இது டி.வி. பிரச்சினை இல்லைன்னு அந்த நிமிஷம்தான் உறைச்சது.

பேச்சுல உயிரெழுத்துச் சத்தம் கீழ் ஃப்ரீக்வென்ஸில பலமா இருக்கும். க, ச, த, ப மாதிரி வல்லினத்தை அடையாளம் காட்டற சத்தம் பெரும்பாலும் மேல, பலவீனமா இருக்கும். மேல் ஃப்ரீக்வென்ஸி காதுல விழலைன்னா ஆள் பேசறது கேக்கும், என்ன சொல்றான்னு தெரியாது. கடை, தடை, படை, சடை, நாலும் ஒரே 'அடை'யாத்தான் விழும். அப்ப வால்யூமைக் கூட்டினா அந்த 'அடை'தான் பெருசாகும். அப்பா இத்தனை நாளா சொன்னது இதைத்தான். "சத்தம் கேக்குது, புரியல." நாங்கதான் கவனிக்கல.

பிரெஸ் ஷாப் மாதிரி இரைச்சல்ல வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு முதல்ல அடி வாங்கறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். உள்காதுல இருக்கற முடி செல்கள் சாகும், திரும்ப முளைக்காது. வலி இருக்காது, அதனால யாருக்கும் தெரியாது. இங்க எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 90 டெசிபல்னு வரம்பு வச்சிருந்தாங்க. 85-ஐத் தாண்டினாலே காதுக்குக் காப்பு வேணும்னு உலக அளவுல ஆய்வாளர்கள் சொல்றாங்க. இரைச்சலால வர்ற காது கேளாமையை 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே தன்னோட மூணாவது அட்டவணைல தொழில்நோயா சேர்த்திருந்துச்சு. அப்பாகிட்ட கேட்டேன். "இயர் பிளக் குடுத்தாங்கப்பா. போட்டா சூப்பர்வைசர் கூப்பிடறது கேக்காது, கழட்டிடுவோம்"னாரு.

இ.என்.டி. டாக்டர்கிட்ட வர மாட்டேன்னு பத்து நாள் அடம். மெஷின் மாட்டினா கிழவன்னு சொல்வாங்களாம். கடைசில நான் நாப்பைக் காட்டித்தான் பேசினேன். "அப்பா, இந்த ட்ரெபிள் உங்களுக்கு எவ்வளவு தேவைன்னு அளந்து பார்க்கற டெஸ்ட்தான் அது." அது அவருக்குப் புரிஞ்சது. ஆடியோகிராம்ல ரெண்டு காதுலயும் கோடு 4,000 கிட்ட வந்து பள்ளத்துல இறங்கியிருந்துச்சு. டாக்டர் எங்களுக்கு விளக்கினப்போ அப்பா அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் கையில வச்சுப் பார்த்துக்கிட்டிருந்தாரு.

காது மெஷினும் அடிப்படைல செய்யறது அதேதான். எந்த ஃப்ரீக்வென்ஸி குறைவோ, அதை மட்டும் அளந்து ஏத்தறது. ஆம்ப்போட ட்ரெபிள் நாப் அதோட முரட்டுத் தாத்தா. அது வைத்தியம் இல்ல, வீட்ல உட்கார்ந்து படம் பார்க்க மட்டும்தான் உதவும். தெருவுல பின்னாடி வர்ற பைக் ஹாரனுக்கு நாப் கிடையாது. மெஷினுக்கு அளவு குடுத்திருக்கோம். மாட்டுவாரான்னு தெரியல. பார்ப்போம்.

சுருக்கமா

வேலை பார்க்கப் போறவங்களுக்கு ஒரு தடவை வரிசையா சொல்லிடறேன். பழைய ஆம்ப்பை சீரீஸ் பல்புல சோதிச்சுட்டு கரன்ட் குடுங்க. டி.வி.ல அவுட் எதுன்னு பார்த்து எடுங்க. ஹெட்போன் ஜாக் இருந்தா அதுதான் சுலபம். ரீங்காரம் வந்தா கேபிள் ஒயரைக் கழட்டிப் பாருங்க, எர்த் பின்னைத் தொடாதீங்க. ஆப்டிகல்னா டி.ஏ.சி. வேணும், டி.வி.ல பி.சி.எம். வைக்கணும். ஆம்ப்ல ஆக்ஸ், ஃபோனோ இல்ல. டி.வி.யோட சொந்த ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிடுங்க, இல்லைன்னா ரெண்டு இடத்துல இருந்தும் பேசும். ஸ்பீக்கர் ரெண்டையும் டி.வி.க்கு ரெண்டு பக்கமும், உட்கார்ற ஆளோட காது உயரத்துக்கு வையுங்க.

அப்புறம் ஒண்ணு. நம்ம ஏரியால இதைக் கேக்கறவங்க நிறையப் பேரோட அப்பா, அம்மா, அண்ணன் ஏதோ ஒரு ஷாப் ஃப்ளோர்ல நின்னவங்க, இப்பவும் நிக்கறவங்க. வீட்ல யாராவது வால்யூமைக் கூட்டிக்கிட்டே போனா, "குறைங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, "என்ன சொன்னான், புரிஞ்சதா?"ன்னு ஒரு தடவை கேளுங்க. சந்தேகமா இருந்தா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில இ.என்.டி. பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, இ.எஸ்.ஐ. கார்டு இருந்தா அங்க கேளுங்க. இப்ப வேலைல இருக்கறவங்க இயர் பிளக்கைக் கழட்டாதீங்க.

எங்க வீட்ல இப்ப அம்மாவுக்கு ஒரு புதுப் புகார். ட்ரெபிள் அதிகமாம், சமையல்கட்டு வரைக்கும் கீச்சுன்னு கேக்குதாம். அப்பா நாப்பை ஒரு கோடு குறைப்பாரு, அம்மா உள்ள போனதும் திரும்ப ஏத்துவாரு. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் செருப்பு வாசல்லயே இருக்கு.